ஓடைக்கு எந்தக் கதவு? டெல்லி, மாவட்டம், ஊராட்சி: ஓர் ஒப்பீடு

நீலகிரி மாவட்டத்தில், கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊருக்கு மேலே ஒரு சதுப்பு இருக்கிறது. பெரிய இடம் இல்லை. தேயிலைக்கும் சீகை (வாட்டில்) மரக்காட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். அதில் ஊறும் தண்ணீர் ஓடையாகி ஊர்த் தொட்டிக்கும், கீழே கேரட் போடுகிறவர்களுக்கும் வந்துகொண்டிருந்தது. சில வருடங்களாக மாசி பிறந்தாலே ஓடை இளைத்துவிடுகிறது. மழைக்காலத்திலோ ஒரே நாளில் கொட்டி, கரையை அரித்துக்கொண்டு போகிறது. அரசிடம் போய் இதைச் சரிசெய்யக் கேட்பது என்று எங்கள் சிறு விவசாயிகள் குழுவில் முடிவானது. அப்புறம்தான் எந்த அரசிடம் என்ற கேள்வி வந்தது.

காலநிலை மாற்றம் என்று பேச்செடுத்தால் இந்த நாட்டில் எல்லா மட்டத்திலும் ஓர் அலுவலகம் இருக்கிறது. டெல்லியில் தேசியச் செயல்திட்டமும் அதன் மிஷன்களும். மாநிலத்தில் காலநிலை மாற்ற இயக்கம், மாவட்டத்தில் அதன் கிளை. ஊரில் ஊராட்சி. மூன்றையும் விசாரித்துப் பார்த்து, கடைசியில் மாவட்டத்தைப் பிடித்தோம். ஆகவே இதை எழுதுகிறவன் நடுநிலையானவன் இல்லை. மாவட்டத்துக்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன், அதன் குறைகளுக்கும் சேர்த்து.

தூரம், மொழி, விண்ணப்பத்தின் கனம் ஆகியவற்றில் எது சுலபம் என்று விளக்க வேண்டியதில்லை. ஊராட்சி அலுவலகத்துக்கு நடந்து போகலாம், ஊட்டிக்கு பஸ் ஏறலாம், டெல்லிக்கு ஆங்கிலத்தில் நூறு பக்கம் எழுதித் தர ஆள் பிடிக்க வேண்டும். இதையெல்லாம் வைத்து நாங்கள் முடிவெடுக்கவில்லை.

டெல்லியின் ஏற்பாடு இப்படி. 2007-இல் பிரதமர் தலைமையில் காலநிலை மாற்றத்துக்கென ஒரு கவுன்சில் அமைத்தார்கள். 2008 ஜூன் 30 அன்று மன்மோகன் சிங் தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டார். அதில் எட்டு மிஷன்கள்: சூரிய ஆற்றல், ஆற்றல் சிக்கனம், நகர வாழிடம், நீர், இமயமலைச் சூழல், பசுமை இந்தியா, நீடித்த வேளாண்மை, காலநிலை பற்றிய அறிவுத் திரட்டு. ஒவ்வொன்றும் அதற்குரிய அமைச்சகத்தின் கையில். ஆற்றல் சிக்கனம் மின்துறை அமைச்சகத்திடம், நீர் இப்போதைய ஜல் சக்தி அமைச்சகத்திடம், இமயமலை அறிவியல் தொழில்நுட்பத் துறையிடம். 2014-இல் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பெயரிலேயே காலநிலை மாற்றத்தையும் சேர்த்தார்கள். ஐ.நா.வில் பேசுவதும் நாட்டின் இலக்குகளை அனுப்புவதும் அந்த அமைச்சகத்தின் வேலை. 2022 ஆகஸ்டில் புதுப்பித்து அனுப்பிய இலக்குகளில் இரண்டு: 2005-ஐ ஒப்பிட, நாட்டின் உற்பத்தியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் வெளியாகும் கரியின் அளவை 2030-க்குள் 45 சதவீதம் குறைப்பது, மின் உற்பத்தித் திறனில் சுமார் பாதியை நிலக்கரி, எண்ணெய், எரிவாயு அல்லாத வழிகளில் எட்டுவது. 2070-இல் நிகரப் பூஜ்யம், அதாவது வெளிவிடும் கரியும் திரும்ப உறிஞ்சப்படும் கரியும் சமமாவது என்பது இவற்றுக்கு அப்பால் உள்ள தூரத்து மைல்கல்.

இந்த வேலைகளை டெல்லி மட்டுமே செய்ய முடியும். மின்சாரம், வாகனம், சிமென்ட், இரும்பு எல்லாவற்றுக்கும் நாடு முழுக்க ஒரே விதி வேண்டும். தேயிலைத் தொழிற்சாலை நடத்துகிறவர் விறகு எரிக்கும் அடுப்பை மாற்றவோ கூரையில் சோலார் போடவோ நினைத்தால், டெல்லி கதவுதான் அவருக்குச் சரி என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் பச்சைத் தேயிலை பறித்துப் போடுகிற ஆள், அடுப்புப் பக்கம் எனக்கு அனுபவம் இல்லை.

எங்கள் சதுப்பை எந்த மிஷனில் வைப்பது என்றபோதுதான் இடித்தது. தண்ணீர் என்று போனால் ஒரு அமைச்சகம். மரம் என்று போனால் இன்னொன்று. கீழே உள்ள கேரட்டுக்கு வேளாண்மை. தேயிலைக்கோ வீடே இல்லை: தேயிலை வாரியம் வணிக அமைச்சகத்தின் கீழ் வருகிறது, எட்டு மிஷன்களில் ஒன்றுகூட வணிக அமைச்சகத்திடம் கிடையாது. நீலகிரியில் பெரும்பாலான சிறு விவசாயிகள் தேயிலையை நம்பித்தான் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இது சின்ன இடைவெளி இல்லை. ஜனவரி உறைபனியில் கொழுந்து கருகினால், அது பயிர்ச் சேதமா, காலநிலைச் சேதமா, வணிகச் சேதமா என்று பார்க்க மூன்று கட்டடம் ஏற வேண்டும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த எட்டில் ஓர் இடத்துக்கென்றே வைத்தது ஒன்றுதான், அது இமயமலைக்கு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்படி எதுவும் இல்லை. இந்த மலைகளைப் பற்றி காட்கில் குழு 2011-இலும் கஸ்தூரிரங்கன் குழு 2013-இலும் அறிக்கை கொடுத்தன. அதற்குப் பிறகு, எந்தெந்தப் பகுதிகளைக் காப்பது என்று வரைவு அறிவிக்கை மேல் வரைவு அறிவிக்கையாக வந்துகொண்டிருக்கிறது. பசுமை இந்தியா மிஷனைத் திருத்தி 2025-இல் வெளியிட்டபோது அதில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடம் கொடுத்தார்கள். நல்லது. அது எந்தப் பள்ளத்தாக்கில் வந்து இறங்குகிறது என்று இனிமேல் பார்ப்போம்.

பண விஷயத்திலும் டெல்லி எங்களுக்கு ஒத்துவரவில்லை. மாறிவரும் வானிலைக்கு ஏற்ப ஊர்களைத் தயார்செய்யவென்று 2015-இல் ஒரு தேசியத் தகவமைப்பு நிதி தொடங்கினார்கள். செயல்படுத்தும் பொறுப்பு வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டிடம். 27 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் மொத்தம் 30 திட்டங்கள், சுமார் 847 கோடி ரூபாய். தமிழ்நாட்டுக்கு வந்தது மன்னார் வளைகுடாக் கடலோரத்துக்கான திட்டம். பவளப்பாறையும் கடற்புல்லும் காப்பாற்றப்பட வேண்டியவைதான், அதில் பொறாமை இல்லை. ஆனால் 2022 நவம்பரில் அந்த நிதியைத் திட்டம் என்ற பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அது நடப்பில் இருந்தபோதும் ஊர்க் குழு நேராகப் போய் நிற்க முடியாது; மாநில அரசின் வழியாகத்தான் முன்மொழிவு போக வேண்டும். அரசியல் சாசனமும் அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. தண்ணீர், நிலம், வேளாண்மை மூன்றும் மாநிலப் பட்டியல். காடு மட்டும் 1976-இல் 42-ஆவது திருத்தத்தில் பொதுப்பட்டியலுக்குப் போனது. டெல்லி வரை போய்விட்டு அங்கிருந்து மாநிலத்துக்கே திரும்பி வருவதற்கு, முதலிலேயே இங்கே நின்றுவிடலாமே.

சரி, மாவட்டம். 2009-இல் ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஒரு செயல்திட்டம் எழுதச் சொல்லி மத்திய அரசு கேட்டது. தமிழ்நாடும் எழுதியது. ரொம்ப நாள் அது ஒரு தடித்த புத்தகமாக மட்டும்தான் இருந்தது. 2021-இல் சுற்றுச்சூழல் துறையின் பெயரில் காலநிலை மாற்றம் சேர்ந்தது. அடுத்த வருடம்தான் விஷயம் சூடுபிடித்தது. பசுமை காலநிலை நிறுவனம் என்று அரசே ஒரு கம்பெனி தொடங்கி, பசுமைத் தமிழ்நாடு இயக்கம், ஈரநில இயக்கம், காலநிலை மாற்ற இயக்கம் ஆகியவற்றை அதன் கையில் கொடுத்தது. முதலமைச்சர் தலைமையில் ஆட்சிமன்றக் குழு ஒன்றும் அமைந்தது. அதில் பொருளாதார நிபுணர் மான்டேக் சிங் அலுவாலியா, இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நந்தன் நிலேகனி போன்றவர்கள். 2022 டிசம்பரில் காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கியபோது அதற்கு ஒதுக்கியது சுமார் 77 கோடி.

மாநில மேடையில் நடந்ததெல்லாம் எங்களுக்குத் தூரம். எங்களை இழுத்தது வேறு ஒரு வரி. 38 மாவட்டங்களிலும் மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கம், அதற்குக் கலெக்டர் இயக்குநர், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர் என்று அரசாணையில் எழுதியிருந்தது. நீலகிரியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஒரு வரியின் மதிப்பு உடனே விளங்கும்.

எங்கள் சதுப்பைப் பாருங்கள். மேல் பாதி வனத்துறை நிலம். கீழே கொஞ்சம் வருவாய்த்துறைப் புறம்போக்கு. ஓரங்களில் எங்கள் பட்டா. ஓடை தொட்டிக்கு வந்துவிட்டால் ஊராட்சி, தொட்டியைத் தாண்டிக் கேரட்டுக்குப் போனால் தோட்டக்கலை. டெல்லி பொருள்வாரியாகப் பிரித்து வைத்திருப்பதை மாவட்டம் இடவாரியாகச் சேர்த்து வைக்கிறது. திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டரிடம் கொடுத்த ஒரே மனு, வனத்துறைக்கும் தாசில்தாருக்கும் பி.டி.ஓ.வுக்கும் தோட்டக்கலைக்கும் சேர்ந்தே போனது. மாவட்டத்தில் பசுமைத் திட்டங்களுக்கென அரசு அமர்த்தியிருந்த இளைஞர் ஒருவர் வரைபடம் போட்டுக்கொடுத்தார். கூட்டு ஆய்வுக்கு எல்லாரும் ஒரே நாளில் வந்து நின்றது எங்கள் ஊருக்குப் புதுசு. அதுவரை ஒரு துறை வந்து போன அடுத்த மாதம் இன்னொரு துறை வந்து அதே கேள்வியைக் கேட்கும்.

கோத்தகிரியிலேயே ஒரு முன்மாதிரியும் இருந்தது. லாங்வுட் சோலை, 116 ஹெக்டேர், கீழே உள்ள 18 ஊர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற காடு. 2024 ஜனவரியில் அதற்கு, சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தது. உலகத்தின் பெரும் ஏரிகளும் காயல்களும் இருக்கும் பட்டியலில் ஒரு சின்னச் சோலை சேர்ந்ததற்கு, ஊர்க்காரர்கள் பல வருடம் அதைக் காவல் காத்ததும் ஈரநிலங்களை மாநில அரசு தேடித் தேடிப் பரிந்துரைத்ததும் சேர்ந்த காரணங்கள். நம் ஊர்ப் பள்ளத்துக்கு ராம்சார் எல்லாம் வேண்டாம். ஆனால் சோலையையும் சதுப்பையும் தண்ணீர்த் தொட்டிகள் என்று பார்க்கிற அலுவலகம் ஒன்று பக்கத்தில் இருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது.

இனி, எங்களை முடிவுக்குக் கொண்டுவந்த விஷயம். பராமரிப்பு.

எந்தத் திட்டத்திலும் முதல் வருடம் கஷ்டமே இல்லை. பணம் வரும், பலகை வைப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். நான்காம் வருடம் யார் வருவார்கள் என்பதுதான் கேள்வி. எங்கள் ஓடையிலேயே இரண்டு தடுப்பணைகள் இருக்கின்றன. எந்தக் காலத்தில், எந்தத் திட்டத்தில் கட்டியவை என்று ஊரில் ஒருவருக்கும் நிச்சயமில்லை, கல்லில் எழுதியது அழிந்துவிட்டது. இரண்டும் மண் நிரம்பி மேடாகிக் கிடக்கின்றன. தூர் வாரச் சொல்லி ஒரு அலுவலகத்தில் கேட்டோம். எங்கள் பதிவேட்டில் இல்லை என்றார்கள். இன்னொன்றில் கேட்டோம், அதே பதில். யார் பதிவேட்டிலும் இல்லாத அணையை யார் பராமரிப்பார்கள்?

மலைக்கு வரும் வெளிப்பணம் நின்றுபோவதும் நமக்குப் புதுசில்லை. மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் என்று 1970-களில் தொடங்கி, ஐந்தாண்டுத் திட்டங்கள் வழியாக மத்திய நிதி நீலகிரிக்கு வந்துகொண்டிருந்தது. 2015-ஐ ஒட்டி அந்த நிதி நின்றது. அதன் பிறகு மாநில அரசு தன் பணத்தில் வேறு பெயரில் தொடர்ந்தது. நாற்பது வருடம் ஓடிய ஏற்பாட்டுக்கே அந்தக் கதி என்றால், மூன்று வருட மிஷன் பணத்தை நம்பிச் சதுப்பைத் தோண்டலாமா என்று குழுவில் ஒருவர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

சதுப்பு விஷயத்தில் பராமரிப்பு என்றால் முக்கால்வாசி சீகைதான். தோல் பதனிடப் பட்டைக்கும் விறகுக்கும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த மரம், இப்போது புல்வெளியையும் சதுப்பு ஓரங்களையும் மூடிக்கொண்டிருக்கிறது. வெட்டுவது ஒரு வார வேலை. ஆனால் அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மேலே மரத்தை எடுத்து வெளிச்சம் பட்டதும், அல்லது ஒரு தீ ஓடினதும், கடுகு தெளித்த மாதிரி முளைத்துவிடும். சில வகைகள் வேரிலிருந்தும் கிளம்பும். முதல் மழையில் மண் இளகியிருக்கும்போது கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். அடுத்த வருடம் மறுபடி. அதற்கடுத்த வருடமும். ஒரு வருடம் விட்டால் கையால் வராது, கத்தி வேண்டும். இரண்டு மூன்று வருடம் விட்டால் பழைய காடு, முன்பைவிட நெருக்கமாக. வெட்டின இடத்தில் புல் பிடிக்கவில்லை என்றால் தென்மேற்குப் பருவமழையில் மண்ணே போய்விடும். அதற்கு மரம் நின்றிருந்தாலே தேவலை.

மழை சாதாரண மழையாக இருந்தால் பரவாயில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது, மறுநாள் 91. 2009 நவம்பரில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் சரிவுகள் இடிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். மாவட்டத்தில் ஆபத்தான இடங்கள் என்று நிர்வாகம் வைத்திருக்கும் பட்டியலில் 283 இடங்கள் இருக்கின்றன. அரைகுறையாகத் தொட்டுவிட்டு விட்டுப்போகக்கூடிய மண் இல்லை இது.

ஆகவே கேள்வியைச் சுருக்கினோம்: வருடா வருடம் கன்று பிடுங்குகிற செலவை யாருடைய கணக்கில் எழுத முடியும்? டெல்லியின் மிஷன் பணம் திட்டப் பணம், முடியும் தேதி போட்டே வரும். ஊராட்சிக் கணக்கில் எழுதலாம் என்றால் சட்டம் குறுக்கே நிற்கிறது. 1955-ஆம் வருட மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்தப் பட்டாவில் இருந்தாலும் மரம் வெட்ட மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். கலெக்டர் அதற்குத் தலைவர், வன அலுவலரும் அதில் உண்டு. எங்கள் ஊராட்சிச் செயலரிடம் கேட்டபோது அவர் பளிச்சென்று சொல்லிவிட்டார்: “அண்ணா, பைப்பு உடைஞ்சா நான் பாத்துக்கறேனுங்க. மரத்துல கை வச்சா என் வேலை போயிருமுங்க.”

மிஞ்சியது வனக்கோட்டம். அங்கே பத்து வருடத்துக்கு ஒரு வேலைத் திட்டம் எழுதுகிறார்கள். எந்தப் பகுதியில் எந்த வருடம் என்ன வேலை என்று அதில் இருக்கும். அயல் மரங்களை எடுப்பதற்கு நீதிமன்ற உத்தரவும் இருக்கிறது, 2022-இல் மாநில அரசு வெளியிட்ட கொள்கையும் இருக்கிறது. ஒரு சதுப்பு அந்தப் பத்து வருடத் திட்டத்துக்குள் ஒரு வரியாக ஏறிவிட்டால், வன அலுவலர் மாறினாலும் ரேஞ்சர் மாறினாலும் அந்த வரி இருக்கும். அடுத்து வருகிறவர் அதைச் செய்யவில்லை என்றால் ஏன் செய்யவில்லை என்று யாராவது கேட்க முடியும். காலநிலை அலுவலராகவும் அதே வன அலுவலரை வைத்திருப்பதில் உள்ள லாபம் இதுதான். தனியாக ஒரு காலநிலை அதிகாரியைப் போட்டிருந்தால் அவருக்கு ஒரு அறை, ஒரு ஜீப், ஒரு பெயர்ப்பலகை இருக்கும். கீழே கார்டும் வாட்சரும் இருக்க மாட்டார்கள், வருடாந்திர வேலைப் பட்டியலும் இருக்காது.

எங்கள் சதுப்பு அந்தப் பட்டியலில் ஏறியதா? மேல் பாதியில் சீகை எடுக்கும் வேலை தொடங்கியிருக்கிறது. புறம்போக்குப் பகுதிக்குக் கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது. பட்டா ஓரங்களில் நாங்களே அனுமதி வாங்கி எடுத்தோம். நான்காம் வருடத்தை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. மேலே எழுதியதெல்லாம் ஏற்பாட்டைப் பார்த்துச் சொன்னது, பலனைப் பார்த்துச் சொன்னது இல்லை. இதை மறைத்தால் இந்த ஒப்பீட்டுக்கு அர்த்தம் இருக்காது.

ஊராட்சியைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். பராமரிப்பில் இரண்டாம் இடம் அதற்குத்தான், டெல்லிக்கு ரொம்ப மேலே. வருடத்துக்கு ஆறு கிராம சபை. மார்ச் 22 தண்ணீர் நாளுக்கென்றே ஒன்று. 15-ஆவது நிதிக்குழு ஊராட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்திருந்தார்கள். தொட்டி, குழாய், வடிகட்டி, ஓடையோரக் குப்பை, இதிலெல்லாம் ஊராட்சியை யாரும் அடிக்க முடியாது. தண்ணீர் வரவில்லை என்றால் மறுநாள் காலை செயலர் வீட்டு வாசலில் ஆள் நிற்கும், அதைவிடப் பெரிய கண்காணிப்பு எந்த மிஷனிலும் கிடையாது. நூறு நாள் வேலையில் எங்கள் பக்கம் வெட்டிய அகழிகள் இன்னும் தண்ணீர் பிடிக்கின்றன.

ஆனால் நீலகிரியில் மொத்தமே 35 ஊராட்சிகள்தான். ஜனத்தொகையில் பெரும்பகுதி நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் இருக்கிறது. ஓடைக்கு எல்லை தெரியாது. எங்கள் ஓடையே ஊராட்சியில் பிறந்து பேரூராட்சிக்குள் போய்விடுகிறது. அதோடு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் நீலகிரியும் ஒன்று. 2025 ஜனவரியில் அந்தப் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத ஊராட்சியை ஊர்க் கதவு என்று எப்படிச் சொல்வது? அது ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பின்கதவு.

நான் சாய்ந்திருக்கிற மாவட்டக் கதவின் குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் குறை பணம். 77 கோடியை 38 மாவட்டத்துக்கு வகுத்துப் பாருங்கள், மாவட்டத்துக்கு இரண்டு கோடி சொச்சம். அதிலும் மாநில அளவிலான செலவுகள் போகும். எங்களுக்குக் கிடைத்தது பணம் என்பதைவிட, மற்றத் துறைகளின் பணத்தை ஒரே இடத்துக்குத் திருப்பிவிடுகிற கையெழுத்து. இரண்டாவது, வன அலுவலருக்கு இது கூடுதல் பொறுப்பு. ஊருக்குள் காட்டெருமையோ கரடியோ வந்த நாளில் காலநிலைக் கோப்பு மேசையிலேயே இருக்கும், அதில் தப்பும் சொல்ல முடியாது.

மூன்றாவது குறைதான் பெரியது. இந்த ஏற்பாடு முழுக்க அரசாணையில் நிற்கிறது, சட்டத்தில் இல்லை. அடுத்து வரும் எந்த அரசும் இன்னொரு அரசாணையில் இதைச் சுருட்டி வைக்கலாம். கலெக்டருக்கு ஆர்வம் இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் மாதக் கூட்டத்தில் ஒரு வரி. நீலகிரியில் நல்ல உதாரணமும் உண்டு. 2000-ஐ ஒட்டி சுப்ரியா சாஹு கலெக்டராக இருந்தபோது கொண்டுவந்த பிளாஸ்டிக் தடை, அவர் போன பிறகும் தொடர்ந்தது. ஆனால் அவர் மாதிரி எல்லாரும் வருவார்கள் என்று எண்ணி ஓடையைப் பணயம் வைக்க முடியாது.

நம்மைப் போன்ற மற்ற நாடுகள் இதில் வேறு மாதிரி யோசித்திருக்கின்றன. பிலிப்பைன்ஸ் 2009-லேயே காலநிலைச் சட்டம் போட்டு, குடியரசுத் தலைவர் தலைமையில் ஆணையம் அமைத்தது. கென்யாவில் 2016-இல் சட்டம், அதில் மாவட்டம் போன்ற கவுன்டிகளுக்கும் கடமைகள். நேபாளம் 2010-இல் எழுதிய திட்டத்தில் தகவமைப்புப் பணத்தில் 80 சதவீதமாவது உள்ளூர் மட்டத்துக்குப் போக வேண்டும் என்று வைத்தது. எழுதியதெல்லாம் நடந்ததா என்பது தனிக் கதை, அந்த ஊர் ஓடைகளை நான் பார்த்ததில்லை. இந்தியாவில் அப்படி ஒரு பொதுச்சட்டம் இல்லை. 2024-இல் கானமயில் வழக்கில் (அழிந்துவரும் அந்தப் பறவையை மின்கம்பிகளிலிருந்து காப்பது பற்றியது), காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டு வாழ்வது அடிப்படை உரிமைகளில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, அந்தக் குறையையும் சுட்டிக்காட்டியது. சட்டம் வரும்வரை, பத்து வருட வேலைத் திட்டத்தில் ஒரு வரிதான் எங்களுக்குக் கிடைத்த உறுதியான காகிதம்.

கொடைக்கானல்காரர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நீலகிரி முழு மாவட்டமும் மலை, கலெக்டரும் மலையில்தான் இருக்கிறார். பழனி மலைக்குக் கலெக்டர் ஆபீஸ் திண்டுக்கல் சமவெளியில். அங்கே மாவட்டக் கூட்டத்தில் கொடைக்கானல் சதுப்பு, சமவெளிக் கண்மாய்களோடு போட்டி போட வேண்டியிருக்கும். கூடலூர்ப் பக்கம் ஜென்மி நிலப் பிரச்சினை (பழைய ஜமீன் மாதிரியான நிலவுடைமையில் வந்த உரிமைத் தகராறு) உள்ளவர்களுக்கும் எங்கள் வழி எவ்வளவு பொருந்தும் என்று என்னால் சொல்ல முடியாது. யாருடைய நிலம் என்பதே தீராத இடத்தில் யார் பராமரிப்பது என்ற கேள்வி அடுத்ததுதான்.

உங்கள் ஊற்று முழுக்க ஊர்ப் பொது நிலத்தில் இருந்து, மரப் பிரச்சினை இல்லாமல், தொட்டி குழாய் வேலை மட்டும் என்றால் நேராக ஊராட்சிக்குப் போங்கள், ஊட்டிக்கு பஸ் ஏற வேண்டாம். தொழிற்சாலை, சோலார் என்றால் மேலே. சீகை, சதுப்பு, வனத்துறை எல்லை, மூன்றில் இரண்டு இருந்தாலும் கலெக்டர் மனுதான். மனுவோடு புல எண்களையும் நில வகையையும் காட்டும் ஒரு வரைபடத்தை வைத்துவிடுங்கள். வேலை தொடங்கும் தேதியைக் கேட்பதற்கு முன்னால், மூன்றாம் வருடக் களையெடுப்பு எந்தத் தலைப்பில் வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.